காடி பாகங்களுக்கு ஜெர்மன் சொற்கள்: பினாங்குப் பட்டறைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பட்டர்வொர்த்தில் ஜெர்மன் காடிகள் (கார்கள்) பார்க்கும் ஒரு பட்டறையில் இருபது வருடங்களுக்கு மேலாக வேலை செய்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையை மூடிய பிறகு, பின்பக்கத்தில் நாலு பெஞ்ச் போட்டு, மெக்கானிக், வயர்மேன், ஸ்பேர்பார்ட்ஸ் கடைப் பையன்கள் என்று ஏழெட்டுப் பேருக்கு ஜெர்மன் சொற்கள் சொல்லித்தருகிறேன். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஜெர்மன் சொற்களைக் காதில் விழுகிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். நூற்றுக்கு நூறு பொருந்தாது, ஆனால் பிடித்துக்கொண்டு நடக்கப் போதும்.

ஆங்கிலத்தில் கேட்டலாக் இருக்கும்போது ஜெர்மன் எதற்கு?

புதுக் காடிக்கு ஆங்கிலம் போதும். பழைய காடி என்றால்தான் சிக்கல். இங்கே இன்னும் எத்தனையோ வீடுகளில் டபிள்யூ 123, டபிள்யூ 124 மெர்சிடிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா வாங்கியது, மகன் விற்க மனம் வராமல் வைத்திருக்கிறார். அதற்குப் பாகம் தேடினால் நல்ல சரக்கு ஜெர்மனியில் உள்ளவர்களிடம்தான் கிடைக்கும். அவர்கள் விளம்பரத்தை ஜெர்மனில்தான் எழுதுவார்கள். கணினி மொழிபெயர்ப்பை நம்பினால், நட் என்று வரவேண்டிய இடத்தில் 'அம்மா' என்று வந்து நிற்கும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இன்னொரு காரணம், நாம் இருக்கும் இடம். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்துக்கு முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் போஷும் ஒன்று. பாலத்துக்கு இந்தப் பக்கம் கூலிமில் பி.எம்.டபிள்யூ பொருத்துகிறார்கள், பகாங்கில் பெக்கானில் மெர்சிடிஸ். இந்தப் பக்கத்தில் காடி வேலை தெரிந்தவனுக்கு ஜெர்மன் சொல்லும் தெரிந்திருந்தால் ஒரு கதவு கூடுதலாகத் திறக்கும் என்று நான் நம்புகிறேன்.

எனக்கு ஒரு ஜெர்மன் சொல்கூடத் தெரியாதே. பூஜ்யத்திலிருந்தா தொடங்க வேண்டும்?

போன வருடம் பிறையிலிருந்து ஒரு வயர்மேன் அண்ணன் வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. "தம்பி, எனக்கு ஆங்கிலமே தகராறு, இது எங்கே வரும்?" என்றார். பதில் சொல்லாமல் ஒரு நாலு கால் ரிலேயை அவர் முன்னால் வைத்து, கால் நம்பரைச் சொல்லச் சொன்னேன். திருப்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "30 பேட்டரி, 87 வெளியே போறது, 85-உம் 86-உம் காயில்." 15 என்றால்? "சாவி போட்டா வர்ற கரண்ட்." 31? "பாடி எர்த்." 50? "ஸ்டார்ட்டர்."

அந்த நம்பர்கள் எல்லாம் ஜெர்மன் தர நிர்ணயம், டின் 72552. ஜெர்மன்காரன் அவற்றைக் க்லெம்மெ 30, க்லெம்மெ 15 என்று சொல்வான். க்லெம்மெ என்றால் வயர் இணைக்கும் முனை. ஜப்பான் காடியில் மாட்டும் பல ரிலேக்களில்கூட அதே நம்பர் பொறித்திருக்கும். அண்ணன் முப்பது வருடமாக ஜெர்மன் இலக்கணத்தில் ஒரு பாடத்தைக் கையால் படித்து முடித்திருந்தார். மொழி என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரிந்தது இன்னும் இருக்கிறது. பழைய மெர்சிடிஸ் பூட்டில் 230இ என்று இருக்குமே, அந்த 'இ' ஐன்ஷ்ப்ரிட்சுங், அதாவது பெட்ரோலைப் பீய்ச்சுவது. கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்ஷன் என்று பொருள். கே-ஜெட்ரோனிக் என்ற இன்ஜெக்ஷன் முறையின் பெயரில் உள்ள 'கே' என்பது கொன்டினுயர்லிஹ், இடைவிடாமல். டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் என்பது டிரெக்ட்ஷல்ட்கெட்ரீபெ. பி.எம்.டபிள்யூவில் எண்ணெய் ஒழுகும்போது நாம் திட்டுகிற வானோஸின் கடைசிப் பாதி நொக்கென்வெல்லென்ஷ்டாயெருங், கேம் ஷாஃப்டைக் கட்டுப்படுத்துவது. விளம்பரத்தில் குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் பி.எஸ். என்று போடுகிறார்களே, அது ப்ஃபேர்டெஷ்டெர்கெ. ப்ஃபேர்ட் குதிரை, ஷ்டெர்கெ பலம்.

சொல் ஏன் இவ்வளவு நீளம்? பார்த்தாலே தலை சுற்றுகிறது.

தமிழன் இதற்குப் பயப்படக் கூடாது. பள்ளிக்கூடத்தில் தொகைச்சொல் படித்தோம் இல்லையா? அதேதான் இது. கடைசிச் சொல்தான் பொருள், முன்னால் நிற்பது எல்லாம் அது எப்படிப்பட்டது என்று சொல்கிறது. மாட்டுவண்டி என்றால் வண்டி, மாடு அல்ல. அதே மாதிரி வஸ்ஸர்பும்பெ என்றால் பம்பு, தண்ணீர் அல்ல.

டாப் கேஸ்கெட்டுக்கு ஜெர்மனில் ட்சிலிண்டர்கொப்ஃப்டிஹ்டுங். மூச்சு வாங்கும். பின்னாலிருந்து பிரித்துப் பாருங்கள்: டிஹ்டுங் கசியாமல் அடைப்பது, கொப்ஃப் தலை, ட்சிலிண்டர் சிலிண்டர். சிலிண்டர் தலை அடைப்பு. பிளக் ட்சூண்ட்கெர்ட்செ: பற்றவைக்கும் மெழுகுவர்த்தி. ஹெட்லைட் ஷைன்வெர்ஃபர்: ஒளியை எறிபவன். ஆல்டர்னேட்டரை லிஹ்ட்மஷீனெ, விளக்கு இயந்திரம் என்பார்கள், ஏனென்றால் ஆரம்பத்தில் விளக்கு எரிவதற்காகத்தான் அதைக் காடியில் வைத்தார்கள். மட்கார்ட் கோட்ஃப்ளூகெல். ஃப்ளூகெல் சிறகு, கோட் என்றால் இன்று மலம், ஆனால் குதிரை வண்டிக் காலத்தில் தெருச் சேற்றுக்கும் அதே சொல்தான். சேற்றைத் தடுக்கும் சிறகு. இந்தச் சொல்லை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. மரம், வேர் சேர்ந்தால் மரவேர், ம் போய்விடும். ப்ரெம்ஸெ, ஷைபெ சேர்ந்தால் ப்ரெம்ஸ்ஷைபெ, நடுவில் இருந்த எ போய்விடும். பிரேக் டிஸ்க் என்று பொருள். மரம், கிளை சேரும்போது நாம் நடுவில் 'அத்து' போட்டு மரத்துக்கிளை என்போம். அதைச் சாரியை என்று ஆசிரியர் சொன்னது ஞாபகம் இருக்கலாம். ஜெர்மனிலும் சாரியை உண்டு, பெரும்பாலும் ஒரு 'ஸ்'. அன்ட்ரீப், வெல்லெ சேர்ந்து அன்ட்ரீப்ஸ்வெல்லெ, டிரைவ் ஷாஃப்ட். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இந்த 'ஸ்' எங்கிருந்து வந்தது என்று குழம்புவார்கள். நமக்குக் குழப்பமே இல்லை.

டெர், டீ, டஸ்: இது எப்படி மனசில் நிற்கும்?

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அதன் பாலைக் காட்டும் ஒரு சிறு சொல் வரும்: ஆணுக்கு டெர், பெண்ணுக்கு டீ, இரண்டும் இல்லாததற்கு டஸ். தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்து வருவது. உயிரில்லாத பொருளுக்கு ஆண், பெண் கிடையாது, எல்லாம் அஃறிணை. ஜெர்மனில் கியர்பாக்ஸ் டஸ், கிளட்ச் டீ, ரேடியேட்டர் டெர். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. பொருளில் காரணம் தேடாதீர்கள், சொல்லின் வாலைப் பாருங்கள்.

வால் 'உங்' என்றால் டீ. குப்லுங் கிளட்ச், லெங்குங் ஸ்டீயரிங் அமைப்பு, டிஹ்டுங் கேஸ்கெட், ஸிஹெருங் ஃபியூஸ், ட்சூண்டுங் இக்னிஷன். நம்பலாம், காடி வேலையில் இது ஏமாற்றியதில்லை.

வால் 'எ' என்றால் பெரும்பாலும் டீ. ப்ரெம்ஸெ, வெல்லெ, பும்பெ, ஃபெல்கெ (ரிம்), ஹவ்பெ (மூடி, பானெட்), ஷ்ரவ்பெ (ஸ்க்ரூ). ஆனால் முன்னால் 'கெ' ஒட்டியிருந்தால் டஸ்: கெட்ரீபெ கியர்பாக்ஸ், கெஹாய்ஸெ ஹவுசிங், கெவின்டெ மரை.

வேலை செய்கிற பொருளின் பெயர் 'அர்' என்று முடிந்தால் டெர். அன்லஸ்ஸர் ஸ்டார்ட்டர், க்யூலர் ரேடியேட்டர், ப்ளிங்கர் சிக்னல் லைட், ஷ்டோஸ்டெம்ப்ஃபர் அப்சார்பர். குளிர்விப்பவன், கண் சிமிட்டுபவன், அதிர்ச்சியைத் தணிப்பவன் என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் டெர் தானாக வரும். செய்பவன் அல்லாத சில சொற்களும் இதே வாலோடு திரிகின்றன: டஸ் லாகர் (பியரிங்), டீ ஃபேடர் (ஸ்ப்ரிங்), டீ முட்டர் (நட்). இந்த மூன்றையும் தனியாக நெட்டுரு போடுங்கள்.

நீளச் சொல்லுக்குக் கடைசிச் சொல்லின் பால்தான். லாகர் டஸ் என்பதால் ராட்லாகர், வீல் பியரிங், அதுவும் டஸ். பும்பெ டீ என்பதால் எந்தப் பம்பானாலும் டீ. ஆக, ஆயிரம் சொல்லுக்குப் பால் தெரியவேண்டாம், அடிச்சொல் ஐம்பது அறுபதுக்குத் தெரிந்தால் சரி.

நாங்கள் பட்டறையில் பெயின்ட் டேப் ஒட்டுகிறோம். நீலம் டெர், சிவப்பு டீ, பச்சை டஸ். ஸ்டாண்டில் நிற்கும் ஒரு பழைய எஞ்சின் முழுக்க ஒட்டியிருக்கிறது. ஒரு பையன் ராட்செட்டைத் தேடிக்கொண்டே, "சிவப்புதானே அண்ணே, நொக்கென்வெல்லெ?" என்றான். நிறத்தோடு சேர்ந்து மனசில் பதிந்துவிட்டது.

உச்சரிப்பு கஷ்டமா?

பாதி சுலபம். குறில் நெடில் நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. ஷ்டால் என்று நீட்டினால் எஃகு, ஷ்டல் என்று குறுக்கினால் மாட்டுத்தொழுவம். இதைக் கேட்டுப் பிரிக்கப் பலர் மாதக்கணக்கில் பாடுபடுவார்கள், நம் காது முதல் நாளே பிரித்துவிடும்.

பழக வேண்டியது இரண்டு உயிரொலி. உதட்டை 'ஊ' மாதிரி குவித்துக்கொண்டு 'ஈ' சொன்னால் க்யூலரில் வரும் ஒலி கிடைக்கும். அதே உதட்டோடு 'ஏ' சொன்னால் எண்ணெய்க்கான சொல் வரும். தமிழ் எழுத்தில் அதை ஓல் என்றுதான் எழுத முடிகிறது, காதால் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். அப்புறம், சொல் கடைசியில் வரும் ட, ப, க மூன்றையும் வல்லினமாக அழுத்த வேண்டும். சக்கரம் ராட், 'ராட்டு' என்பதில் உள்ள அந்த வலுவோடு.

எந்தச் சொற்களில் தொடங்குவது?

திரவத்தில். ஓல் எண்ணெய், வஸ்ஸர் தண்ணீர், லுஃப்ட் காற்று, க்ராஃப்ட்ஷ்டோஃப் எரிபொருள். இவற்றோடு பும்பெ, ஃபில்டர், ஷ்லவ்ஹ் (ஹோஸ்) மூன்றையும் மாற்றி மாற்றிச் சேருங்கள். ஓல்பும்பெ, ஓல்ஃபில்டர், லுஃப்ட்ஃபில்டர், க்ராஃப்ட்ஷ்டோஃப்பும்பெ என்று ஒரே மாலையில் பத்துப் பாகம் கைக்கு வந்துவிடும். அடுத்த வாரம் பிரேக். அதற்கடுத்து பெல்ட்: பல் வைத்த டைமிங் பெல்ட் ட்சான்ரீமென், ட்சான் என்றால் பல். எஞ்சின் உள்பாகங்களைக் கடைசிக்கு வையுங்கள், தினமும் கையில் படாத சொல் சீக்கிரம் மறந்துபோகும்.

ஏமாற்றும் சொற்கள் எவை?

நம் ஊரில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள். ஜெர்மனில் மோட்டோர் எஞ்சின். மோட்டார் சைக்கிளுக்கு மோட்டோர்ராட். ஆட்டோ என்று நாம் சொல்வது கியர் மாற்றத் தேவையில்லாத காடி, தமிழ்நாட்டில் மூன்று சக்கர வண்டி. ஜெர்மனில் அவ்டோ என்றால் வெறுமனே கார். ஆட்டோ கியர் வேண்டுமானால் அவ்டோமாட்டிக்கெட்ரீபெ, மேனுவல் ஷல்ட்கெட்ரீபெ.

பெட்ரோலுக்கு அங்கே பென்ட்சீன். பெட்ரோலேயும் என்று ஒரு சொல் இருக்கிறது, அது மண்ணெண்ணெய். இதில் தவறக் கூடாது.

முட்டர் என்றால் அம்மா, நட்டுக்கும் அதுதான் பெயர். பன்மையில் பிரிந்துவிடும்: நட்டுகள் முட்டெர்ன், அம்மாக்கள் ம்யூட்டர். நுஸ் என்றால் கொட்டை, கடலை பாதாம் மாதிரி. பட்டறையில் நுஸ் என்று கேட்டால் நட்டைத் திருகும் சாக்கெட் தருவார்கள்.

இடது, வலது: விளம்பரத்தில் எதை நம்புவது?

இதில் நான் அடிபட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வாடிக்கையாளரின் டபிள்யூ 124-க்கு ஹெட்லைட் ஜோடி தேவைப்பட்டது. ஜெர்மன் விளம்பரத்தில் ரெஹ்ட்ஸ்ஃபெர்கேர் என்று இருந்தது. ரெஹ்ட்ஸ் வலது, நம் ஸ்டீயரிங்கும் வலது, சரிதான் என்று பணம் கட்டிவிட்டேன். பெட்டி வந்தது, மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. ராத்திரி பட்டறைச் சுவருக்கு முன்னால் காடியை நிறுத்தி லோ பீம் போட்டேன். வெளிச்சத்தின் மேல்விளிம்பு இடது பக்கம் நேர்க்கோடாக வந்து, நடுவிலிருந்து வலது பக்கம் மேலே ஏறியது. நம் சாலையில் எதிரே வருகிறவர் கண் இருப்பது அந்தப் பக்கம்தான். கழற்றிவிட்டேன். வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டு, என் செலவில் வேறு வாங்கினேன்.

ஃபெர்கேர் என்றால் போக்குவரத்து. ரெஹ்ட்ஸ்ஃபெர்கேர் சாலையின் வலது பக்கம் ஓட்டும் நாட்டுக்கு, அதாவது ஜெர்மனிக்கு. நமக்கு வேண்டியது லிங்க்ஸ்ஃபெர்கேர். ஆனால் ஸ்டீயரிங் பற்றிப் பேசும்போது நாம் ரெஹ்ட்ஸ்லெங்கர், வலது பக்கம் ஸ்டீயரிங் உள்ள காடி. சாலைக்கு லிங்க்ஸ், ஸ்டீயரிங்குக்கு ரெஹ்ட்ஸ். இதை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

ஃபாரர்ஸைட்டெ, ஓட்டுநர் பக்கம், என்று போட்டிருந்தால் அவர்களுக்கு அது இடது. கண்ணாடி, கதவுப் பாகம் வாங்கும்போது 'இன் ஃபார்ட்ரிஹ்டுங் லிங்க்ஸ்' என்று எழுதிக் கேளுங்கள். காடி போகும் திசையைப் பார்த்து இடது என்று பொருள், எந்த நாட்டிலும் மாறாது. பிரேக் பேட் பெட்டியில் வி.ஏ. என்று இருந்தால் ஃபோர்டர்அக்ஸெ, முன் அச்சு. எச்.ஏ. என்றால் ஹின்டர்அக்ஸெ, பின் அச்சு.

ரிப்பேர் கையேட்டைப் படிக்க எவ்வளவு இலக்கணம் வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. கையேட்டில் கட்டளைகள் 'ட்சூண்ட்கெர்ட்செ அவ்ஸ்பவ்வென்' என்கிற மாதிரிதான் வரும். பொருள் முதலில், வினை கடைசியில். 'பிளக்கைக் கழற்றவும்' என்று நாம் எழுதும் அதே வரிசை.

ஏழெட்டு வினை போதும். அவ்ஸ்பவ்வென் கழற்று, ஐன்பவ்வென் மாட்டு, லோஸென் தளர்த்து, அன்ட்சீயென் இறுக்கு, ப்ரூஃபென் சோதி, ரைனிகென் சுத்தம் செய், எர்ஸெட்சென் புதிது போடு. நான் முதலில் சொல்லித்தருவது அஹ்டுங், ஃபோர்ஸிஹ்ட் இரண்டையும்தான். கவனம், எச்சரிக்கை. அந்தச் சொல்லுக்குக் கீழே உள்ள வரியைப் புரிந்துகொள்ளாமல் ஏர்பேக் பக்கம் கை வைக்காதீர்கள்.

புள்ளி வைத்த எழுத்து என் போனில் இல்லை. எப்படித் தேடுவது?

க்யூலர், ஓல் மாதிரிச் சொற்களை ஜெர்மனில் எழுதும்போது உயிரெழுத்தின் மேல் இரண்டு புள்ளி வரும். புள்ளிக்குப் பதிலாக அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு ஆங்கில 'e' சேருங்கள். ஜெர்மன்காரர்களே அப்படி எழுதுவதுண்டு, தேடினால் கிடைக்கும். அதைவிட நல்லது பாக நம்பர். சொல்லால் தேடி, நம்பரால் வாங்குங்கள்.

முறையாக எங்கே படிக்கலாம்?

கோலாலம்பூரில் கோதே நிறுவனம் இருக்கிறது, தேர்வும் அங்கே எழுதலாம். பினாங்கில் மலேசிய ஜெர்மன் சங்கம் வகுப்பு நடத்துகிறது. காஜாங்கில் ஜெர்மன் மலேசியக் கல்லூரி ஒன்று தொழில்நுட்பப் படிப்பு தருகிறது, பிள்ளை எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துக் கை வேலையில் ஆர்வமாக இருந்தால் விசாரித்துப் பாருங்கள். வகுப்பில் 'என் பெயர், என் ஊர்' என்றுதான் தொடங்குவார்கள். அது தேவை. காடிச் சொற்களை அதன் பக்கத்திலேயே நீங்களாக வளர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சொற்கள் தெரிந்தால் ஜெர்மனிக்கு வேலை பழகப் போகலாமா?

சொல் மட்டும் போதாது. அங்கே காடித் தொழில் பழகுவது மூன்றரை வருடம், பெரும்பகுதி பட்டறையில், மீதி பள்ளியில். 2003-இலிருந்து மெக்கானிக், எலக்ட்ரீஷியன் இரண்டையும் சேர்த்து மெக்காட்ரோனிக்கர் என்று ஒரே தொழிலாக்கிவிட்டார்கள். பழகும் காலத்திலேயே சம்பளம் உண்டு. விசாவுக்குப் பொதுவாக பி1 நிலை, அதாவது இடைநிலை, ஜெர்மன் கேட்பார்கள். ஏஜெண்ட் யாராவது 'மொழி வேண்டாம், பணம் கட்டினால் போதும்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளைகளின் அம்மா அப்பாவுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் பி1 வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது பாகப் பெயர் முன்பே தெரிந்த பையனுக்கும் தெரியாதவனுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். பள்ளித் தேர்வு முழுக்க அந்தச் சொற்களில்தான் நடக்கும்.

ஒரு நாளைக்கு எத்தனை சொல்?

ஐந்து. பாகத்தைக் கையில் எடுக்கும்போது சத்தமாகச் சொல்லுங்கள், டெர் டீ டஸ்ஸோடு சேர்த்து. திரும்ப மாட்டும்போது இன்னொரு தரம். பக்கத்தில் வேலை செய்கிறவர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. பிறை அண்ணன் வீட்டில் ஃபியூஸ் போனபோது, டார்ச் பிடித்து நின்ற மகளிடம் "டீ ஸிஹெருங்" என்று காட்டினாராம். இப்போது சனிக்கிழமைகளில் அந்தப் பெண்ணும் வருகிறாள், எட்டாவது சொல்லிலிருந்து அப்பாவைத் திருத்துகிறாள்.